கஞ்சி அண்டாவுக்கு ஆள் சேர்ப்பது எப்படி?

வாரம் ஒருநாள் நூறு பேருக்குக் கஞ்சி ஊற்றலாம் என்று நாலு பேர் கூடினால், பேச்சு அரிசி, பருப்பு, சிலிண்டர் என்றே ஓடும். அதற்கெல்லாம் கொடுக்க ஆள் கிடைக்கும். மூன்றாவது மாதம் அண்டா தேய்க்க ஆள் இருக்குமா என்று முதலில் யோசியுங்கள்.

1. வேலையைப் பிரித்து எழுதுங்கள்

காய் நறுக்க மூன்று பேர், அடுப்படியில் இரண்டு பேர், ஊற்ற நான்கு பேர், பாத்திரம் தேய்க்க மூன்று பேர். ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம் போடுங்கள்.

2. நேரில் போய்க் கேளுங்கள்

ஆடியில் கூழ் ஊற்றும் அம்மன் கோயில் தெரு, ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல்: பெரிய அண்டாவைக் கையாளத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். பக்கத்துக் கல்லூரியின் திட்ட அலுவலரைப் பாருங்கள். “உதவிக்கு வாங்க” என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். “அக்கா, ஞாயித்துக்கிழமை ஆறு மணியிலேருந்து ஏழரை வரைக்கும் வெங்காயம் மட்டும் உரிச்சுக் கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள்.

3. முதல் நாள்

புதியவருக்குப் பழைய ஆள் ஒருவரைத் துணைக்குப் போடுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவணும், தலையில் துணி கட்டணும், முந்தானையை இழுத்துச் செருகணும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் வரக் கூடாது. கரண்டியை அண்டாவின் அடி வரை விட்டுக் கிண்டக் காட்டிக் கொடுங்கள். மேலாகக் கிளறினால் பருப்பு அடிப்பிடிக்கும்; அதைச் சுரண்டுகிறவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

4. வந்தவர் நிற்க

தேய்க்கும் வேலை முறை வைத்து எல்லாருக்கும் வரட்டும், பொறுப்பாளருக்கும்தான். ஏழரை என்று சொன்னால் ஏழரைக்கு அனுப்பிவிடுங்கள். “இன்னும் கொஞ்சம் இருங்களேன்” என்பதுதான் நல்ல ஆட்களை விரட்டும் வார்த்தை. வர முடியாதவர் வெள்ளி இரவுக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டால் போதும், காரணம் கேட்காதீர்கள். வேலை முடிந்ததும் எல்லாரும் அதே கஞ்சியை உட்கார்ந்து குடிக்கட்டும். தட்டேந்தி நிற்பவரைப் படம் பிடிக்கவே வருகிறவர்களை மட்டும் நயமாக அனுப்பிவிடுங்கள்.

தீபாவளி, பொங்கல், தேர்வு மாதங்களில் ஆள் குறையும். வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அணையாமல் எரிகிறது, வாஸ்தவம்தான். அதற்காக நாலு பேரை வைத்து நூறு பேருக்குச் சமைக்க முயலாதீர்கள். ஆள் போதாத ஞாயிறுகளை முந்தைய வாரமே கஞ்சி வாங்க வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.