நண்பர்களோடு தாயகம் போய்த் தொண்டு செய்ய நினைப்பவர்களுக்கு

நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து யாழ்ப்பாணம், வன்னி என்று போய், இரண்டு கிழமை ஏதாவது தொண்டு செய்துவிட்டு மிச்ச நாளில் ஊர் சுற்றலாம் என்று திட்டம் போடும் புலம்பெயர் நாட்டு இளையவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல விசயம், கட்டாயம் போங்கள். ஆனால் என்ன செய்யப் போகிறோம் என்பதை இங்கிருந்தே முடிவு பண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

"உங்களுக்கு என்ன தேவை?" என்று நேரே கேட்டால் ஊரில் பதில் வராது. "ஒண்டும் வேண்டாம் பிள்ளை, நீங்கள் வந்ததே போதும்" என்பார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: முன்பு வந்தவர்கள் செய்து கொடுத்ததில் இன்றைக்கும் பயன்படுவது எது, மூலையில் கிடப்பது எது? சனசமூக நிலையத்துச் செயலாளரோ பள்ளிக்கூட அதிபரோ இதற்கு மனம் திறந்து பதில் சொல்வார். திருத்த ஆளில்லாமல் தூசி பிடிக்கும் கணினிகளின் கதை அநேகமாக முதலில் வரும். உங்கள் குழுவில் அதைத் திருத்தத் தெரிந்த ஒருவர் இருந்தால் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.

சரி, விசா. சுற்றுலா விசாவில் சம்பளம் வாங்கும் வேலை மட்டுமல்ல, சம்பளமில்லாத வேலையும் செய்யக்கூடாது. ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து தொண்டு செய்வதென்றால் எந்த விசா எடுக்க வேண்டும் என்று அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். உங்களுக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கலாம், கூட வரும் நண்பருக்கு இல்லாமல் இருக்கலாம். அதையும் முன்பே பேசிவிடுங்கள்.

ஆடி, ஆவணியில் போனால் வெயிலும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றும். நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான். ஆனால் ஓகஸ்டில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை வருவதால், படிப்பிக்கப் போகிறவர்கள் அந்த ஆண்டின் தவணை நாட்களைப் பார்க்காமல் டிக்கெட் போடவேண்டாம். அரச பாடசாலைக்குள் வகுப்பு எடுக்க அதிபரின் சம்மதம் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியையும் அதிபர் மூலமாகவே கேளுங்கள்.

சிறுவர் இல்லங்களைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அங்கே போய் ஒரு கிழமை பிள்ளைகளோடு விளையாடி, படம் எடுத்து, அழுதுகொண்டே விடைபெறுவது தொண்டு ஆகாது. அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள், வறுமைதான் பிரித்து வைத்திருக்கிறது. ஒட்டிப் பழகிய ஒவ்வொரு அண்ணாவும் அக்காவும் ஒரு நாள் காணாமல் போவதை அவர்கள் திரும்பத் திரும்பத் தாங்க வேண்டியிருக்கிறது. உதவ விரும்பினால், பிள்ளை தன் வீட்டிலேயே இருந்து படிக்க வழி செய்யும் வேலைகளுக்குக் கைகொடுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வேலை பனங்கொட்டை ஊன்றுவது. பனம்பழம் விழும் காலம் அது. பொறுக்கிச் சேர்த்து, ஐப்பசி மழைக்கு முன் ஊன்றிவிடலாம். கொட்டையிலிருந்து வரும் முளை மேலே எட்டிப் பார்க்காது, நேரே மண்ணுக்குள் இறங்கும். பனங்கிழங்கு உருவாவது அப்படித்தான். அதனால் மற்ற மரங்களைப் போலப் பையில் கன்று வளர்த்துப் பிடுங்கி நடுவது சரிவராது, நிற்கப் போகும் இடத்திலேயே ஊன்ற வேண்டும். ஆகவே இடம்தான் முக்கியம். காணி யாருடையது, வீதி அகலிக்கப் போகிறார்களா, குளக்கட்டில் ஊன்ற விடுவார்களா என்று பிரதேச சபையிலும் கிராம சேவையாளரிடமும் கேட்டபிறகே மண்வெட்டியை எடுங்கள். பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது ஆகும். அதுவரை ஆடு மாடு கடிக்காமல் பார்க்கப்போவது ஊர்ப் பிள்ளைகள், அதனால் முதல் நாளே அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் குனிந்து நிமிர முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்கள் சாம்பலாயின. வீடுகளில் கரையான் அரிக்கும் பழைய சஞ்சிகைகள், கோயில் மலர்கள், ஊர் வரலாறுகளை இப்போதாவது எண்ணிமப்படுத்த வேண்டும். 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய நூலகம் இதைத்தான் செய்கிறது. உங்கள் அம்மம்மாவின் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

முகமாலை, பளைப் பக்கம் போகிறவர்கள் தெரிந்த பாதையை விட்டு விலகவே கூடாது. வன்னியின் உட்பகுதிகளிலும் இதே கவனம் வேண்டும். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். பற்றைக்குள் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம், இராணுவ முகாம்களையும் எடுக்க வேண்டாம். போரில் யாரை இழந்தீர்கள் என்று யாரிடமும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகக் கதைத்தால் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது, மழைக்காலத்தில் கூடும். அந்த நுளம்பு பகலில் கடிக்கும். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும் போடுங்கள், அஸ்பிரின், ஐபுப்ரோஃபென் தொடவே வேண்டாம், வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இலவச அம்புலன்சுக்கு 1990. குடிக்கக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே அள்ளாமல் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள்.

ஊர் சுற்ற நெடுந்தீவை விட்டுவிடாதீர்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். பவளக்கல் வேலிகள், பருத்த பெருக்க மரம் (பாவோபாப்), கூட்டமாக மேயும் குதிரைகள் எல்லாம் பார்க்கலாம். திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வையுங்கள். சோளகக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், படகோட்டி வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். அதே துறையிலிருந்து நயினாதீவு கிட்ட. தமிழ் தெரியாத நண்பர்கள் கூட வந்தால் நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகவேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், வான் பிடித்தால் சாரதி அண்ணையின் சாப்பாட்டையும் படுக்க இடத்தையும் நீங்களே பாருங்கள். பொதுச் செலவுக் காசு ஒருவர் கையில் இருக்கட்டும், இரவிரவாகக் கணக்குப் பார்த்தால் நட்பு நொந்துபோகும்.

கொழும்புக்குத் திரும்பும் ரயிலை முன்பதிவு செய்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் பாதை தடைப்படலாம், அதனால் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே கொழும்பில் இருக்கப் பாருங்கள்.