மாவட்டக் கலை விருது: விண்ணப்பத்தில் எங்கே கோட்டை விடுகிறோம்?

முப்பது வருடமாகத் தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிறவர், விண்ணப்பத்தோடு வைக்க ஒரு துண்டுச் சான்றுகூட இல்லாமல் விருதைத் தவறவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை, மாவட்டக் கலை மன்றங்கள் வழியாக வயதை வைத்து ஐந்து விருதுகள் தருகிறது. 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66 வயதும் அதற்கு மேலும் கலை முதுமணி. முதல் தவறு இங்கேதான். பத்து வயதில் மேடை ஏறியவருக்கு இப்போது 48 என்றால், அனுபவம் எவ்வளவு இருந்தாலும் அவருக்குச் சுடர்மணிதான், முதுமணி கேட்க முடியாது. இன்னொன்று, வயதான கலைஞர்கள் பலருக்கு ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது இருக்கும். 65, 66 என்று எல்லையில் நிற்பவர்கள் இதை முன்கூட்டியே சரிசெய்து வைக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

அடுத்து அனுபவச் சான்று. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இதில்தான். கரகமோ பொய்க்கால் குதிரையோ, திருவிழா நோட்டீஸில் குழுத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் எல்லாம் 'குழுவினர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். இருபது வருடம் ஆடிய பெண்ணின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. ஆகவே நிகழ்ச்சி முடிந்த கையோடு விழாக் கமிட்டியிடம், பெயர், தேதி, ஊர் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள், அது உங்கள் உழைப்புக்கான ரசீது. அழைப்பிதழ், பத்திரிகைச் செய்தி, மேடையில் பேனர் தெரிகிற மாதிரி எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வருட வரிசையில் வையுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தால் அதன் நகலும் இருக்கட்டும். மேடைப் பெயர் வேறு, ஆதார் பெயர் வேறு என்றால் இரண்டும் ஒருவரே என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். நகல் கேட்கும் இடத்தில் அசலை அனுப்பிவிட்டுப் பிறகு தவிக்க வேண்டாம்.

ஏற்கெனவே மாவட்டக் கலை மன்ற விருதோ, மாநில, தேசிய விருதோ பெற்றவர்கள் இதற்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்று அறிவிப்பிலேயே சொல்லியிருப்பார்கள், அதைப் படிக்காமல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கலைமாமணியையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அதை வழங்குவது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், வழியே வேறு. அப்புறம், அதிகமாக ஆடுகிற ஊரை வைத்து மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வசிக்கிற மாவட்டத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இளமணிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஓட்டப்பந்தயச் சான்றிதழையெல்லாம் சேர்த்து அடுக்க வேண்டியதில்லை, அந்தக் கலைக்கு உரியது மட்டும் போதும்.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. 'உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், விழாச் செலவுக்கு இவ்வளவு கட்டுங்கள்' என்று போன் செய்து, சால்வையும் ஷீல்டும் கொடுத்து அனுப்பும் தனியார் 'விருதுகள்'. வளரும் கலைஞர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், கடன் வாங்கிக் கட்டியவர்கள்கூட உண்டு. காசு கேட்டால் அது விருது இல்லை, வியாபாரம். அரசு விருதை 'முடித்துத் தருகிறேன்' என்று கமிஷன் பேசுகிறவரிடமும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக்கான மண்டலக் கலை பண்பாட்டு மைய அலுவலகத்துக்கு நேரே போய்க் கேளுங்கள்.

இந்த வருடம் பெயர் வரவில்லையா? ஃபைலைத் தூக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். புதிய நிகழ்ச்சிகளின் சான்றுகளைச் சேர்த்து அடுத்த அறிவிப்புக்கு மறுபடி அனுப்புங்கள். அனுப்பும் முன் வயதை மட்டும் இன்னொரு முறை பாருங்கள், போன தடவை 35 என்றால் இந்தத் தடவை நீங்கள் சுடர்மணிப் பிரிவு.