அலுமினிய பிளேட்டுக்கு மிக் கம்பி: எந்த விட்டம் எடுப்பது?

மிக் (MIG) வெல்டிங்கில் மெஷின் தானாகத் தள்ளும் கம்பியே உருகி இணைப்பாகும். அதில் இரும்புக்கு 0.8 மி.மீ. கம்பி ஓட்டிப் பழகிய கை, அலுமினியத்துக்கும் அதையே தேடும். பிளேட் வேலையில் பாதித் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. 6 மி.மீ. தடிப்புள்ள 6061 (ஓர் அலுமினியக் கலவை) பிளேட்டில் ‘டி’ வடிவ இணைப்பு போடுவதாக வைத்துக்கொண்டு, கம்பியைத் தேர்ந்தெடுப்போம்.

படி 1: கரன்ட் கணக்கு

பிளேட் தடிப்பில் ஒரு மி.மீ.க்குச் சுமார் 40 ஆம்ப் என்று தொடங்குங்கள். 6 மி.மீ.க்கு 200 முதல் 240 ஆம்ப் வரும். அலுமினியம் சூட்டைச் சட்டென்று பிளேட் முழுக்கப் பரப்பிவிடும். அதனால்தான் இவ்வளவு தேவை. 10 மி.மீ.க்கு மேல் இந்தக் கணக்கை நீட்டாதீர்கள். அங்கே ஓரத்தைச் சாய்த்து வெட்டி, பல ஓட்டமாக நிரப்ப வேண்டும்.

படி 2: அந்தக் கரன்ட்டைத் தாங்கும் கம்பி

பிளேட்டில் உலோகம் பொடித் துளிகளாகப் பாயும் ‘ஸ்ப்ரே’ நிலைதான் வேண்டும். வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் வாயுவாகச் சுத்த ஆர்கான் இருந்தால், 1.2 மி.மீ. கம்பி சுமார் 135 ஆம்பிலும், 1.6 கம்பி சுமார் 180 ஆம்பிலும் அந்த நிலைக்கு வரும். 0.9 கம்பி 100 ஆம்ப் அளவிலேயே வந்துவிடும், ஆனால் 180ஐத் தாண்டினால் திணறும். 1.2 கம்பி ஏறக்குறைய 260 வரை நிதானமாக ஓடும். ஆகவே நம் பிளேட்டுக்கு 1.2. 3 மி.மீ. தகட்டுக்கு 0.9 அல்லது 1.0 போதும்; 12 மி.மீ.க்கு மேல் 1.6ஐ யோசிக்கலாம்.

படி 3: மெஷினில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படியுங்கள்

200 ஆம்ப் மெஷினில் 1.6 கம்பி போடுவது வீண். ஸ்ப்ரே தொடங்கும் எல்லையிலேயே மெஷினின் பலம் தீர்ந்துவிடும். டியூட்டி சைக்கிளையும் (மெஷின் தொடர்ந்து ஓடக்கூடிய நேர விகிதம்) பாருங்கள்: 200 ஆம்பில் 20% என்றால் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் வெல்டிங்.

படி 4: கம்பி வழியில் மடங்காமல் போகுமா?

பலர் கவனிக்காத இடம் இது. கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், 1.2 கம்பி 0.9ஐவிட மூன்று மடங்கு விறைப்பானது. மெல்லிய கம்பியை 3 மீட்டர் டார்ச்சில் தள்ளினால் கம்பியைத் தள்ளும் ரோலர் அருகே மடங்கி, குருவிக்கூடு போலச் சிக்கிவிடும். மெல்லியதுதான் வேண்டுமென்றால் ஸ்பூல் கன் (கம்பிச் சுருள் டார்ச்சிலேயே இருக்கும் வகை) வையுங்கள். அலுமினியக் கம்பியின் கலவை வகைகளில் 5356 என்பது 4043ஐவிட விறைப்பானது. தொடங்குபவருக்கு அதுவே எளிது.

இன்னொன்று: அதே எடைக்கு 0.8 கம்பியின் மேற்பரப்பு 1.6ஐப்போல இரண்டு மடங்கு. மேற்பரப்போடு ஆக்சைடும் ஈரமும் வெல்டுக்குள் போகும், ஊசித்துளை கூடும். தடிப்பான கம்பிக்குப் பிளேட்டில் இருக்கும் பெரிய அனுகூலம் இதுதான்.

படி 5: விட்டம் மாறினால் பாகமும் மாற வேண்டும்

அதே அளவு ‘யு’ பள்ள ரோலர், டெஃப்லான் லைனர் (டார்ச் கேபிளுக்குள் கம்பி ஓடும் குழாய்), அலுமினியத்துக்கான கான்டாக்ட் டிப் (கம்பிக்குக் கரன்ட் தரும் முனை). சூட்டில் அலுமினியம் அதிகம் விரியும்; இரும்புக் கம்பிக்கான டிப்பில் இறுகி நின்று உருகி ஒட்டிக்கொள்ளும். ரோலரைக் கம்பி வழுக்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்; நசுங்கிய கம்பி டிப்புக்குள் போகாது.

படி 6: துண்டில் சோதனை

முதலில் அசிட்டோனால் எண்ணெயைத் துடைத்து, பிறகு அலுமினியத்துக்கென்றே வைத்திருக்கும் துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால் தேய்க்கவும். வரிசை மாறினால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்ததாகும். ஆர்கான் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர். டார்ச்சை 10–15 டிகிரி சாய்த்து, முன்னோக்கித் தள்ளுங்கள்; இழுத்தால் கரி படியும்.

சீரான ‘ஸ்ஸ்’ சத்தம் வந்தால் ஸ்ப்ரே. படபடவென்று வெடித்தால் முதலில் வோல்டேஜை உயர்த்துங்கள்; ஆம்பும் குறைவாக இருந்தால் கம்பி வேகத்தையும் கூட்டுங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் வெல்ட் போட்ட ‘டி’ துண்டைச் சுத்தியலால் அடித்து மடக்கி உடையுங்கள். மூலையில் பிளேட்டின் பழைய மேற்பரப்பு உருகாமல் தெரிந்தால் சூடு போதவில்லை. கரன்ட்டை ஏற்றிப் பார்த்து, அதன் பிறகும் உருகவில்லை என்றால் மட்டும் அடுத்த விட்டத்துக்குப் போங்கள்.