பனிப்போரைப் பற்றிப் பேசும்போது சறுக்கும் இடங்கள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு நவீன உலக வரலாறு சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முறைத்துக்கொண்டு நின்ற பனிப்போர் பாடத்தைத் தொடங்கும் நாளில் ஒரு வேலை வைப்பேன். போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் வரைபடத்தைக் கொடுத்து, பெர்லின் சுவர் எங்கே ஓடியது என்று கோடு போடச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் வடக்கே கடலில் ஆரம்பித்து, தெற்கே வரை நாட்டை இரண்டாகப் பிளந்து ஒரு கோடு இழுத்துவிட்டுப் பேனாவை மூடுவார்கள். கோடு சரிதான், ஆனால் அது சுவர் இல்லை. அது இரண்டு ஜெர்மனிகளுக்கும் நடுவே இருந்த எல்லை. ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் நீளம். கிழக்கு ஜெர்மனி அதை 1952லேயே முள்கம்பி போட்டு அடைக்கத் தொடங்கிவிட்டது.

பெர்லின் நகரம் அந்தக் கோட்டில் இல்லவே இல்லை. கிழக்கு ஜெர்மனியின் உள்ளே, எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. அந்த நகரத்தின் மேற்குப் பாதி மட்டும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் கையில். நாலு பக்கமும் கம்யூனிஸ்ட் நிலம், நடுவில் ஒரு தீவு. 1961 ஆகஸ்ட் 13 அன்று எழும்பத் தொடங்கிய சுவர் இந்தத் தீவைச் சுற்றி வளைத்தது. மொத்தம் சுமார் 155 கிலோமீட்டர். அதில் கிழக்கு, மேற்கு பெர்லின்களுக்கு நடுவே ஓடியது 43 கிலோமீட்டர்தான். வேலிக்குள் நின்றவன் மேற்கத்தியன், ஆனால் அடைபட்டவன் வெளியே இருந்த கிழக்கத்தியன். இந்த விசித்திரம் புரியாவிட்டால் 1948 - 49ல் ஸ்டாலின் மேற்கு பெர்லினுக்கான தரைவழியை மறித்தபோது நிலக்கரியையும் மாவையும் ஏன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பதும் புரியாது.

சரி, சுவரைக் கட்டச் சொன்னது யார்? இங்கேதான் பெரிய சறுக்கல். அன்றைய சோவியத் தலைவர் குருஷ்சேவ் என்று எழுதுவார்கள். உண்மையில் கட்டியே ஆகவேண்டும் என்று நச்சரித்தது கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட். 1949க்குப் பிறகு 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மேற்கே ஓடிப்போயிருந்தார்கள். டாக்டர், பொறியாளர், வாத்தியார் என்று படித்தவர்கள் கூட்டம் அதில் அதிகம். குருஷ்சேவ் பல வருடம் தட்டிக் கழித்துவிட்டுக் கடைசியில்தான் தலையாட்டினார். இத்தனைக்கும் அதே உல்பிரிக்ட், சுவர் எழும்புவதற்கு இரண்டு மாதம் முன்பு, சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லியிருந்தார்.

என் அனுபவத்தில் பனிப்போர் பற்றிய தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே வேரிலிருந்து வருகின்றன: அதை இரண்டு பேர் உட்கார்ந்து ஆடிய சதுரங்கமாகப் பார்ப்பது. வாஷிங்டன் ஒரு காயை நகர்த்தியது, மாஸ்கோ பதிலுக்கு ஒன்றை நகர்த்தியது என்று எழுதினால் விடைத்தாள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பலகையில் காய்கள் தாங்களாகவும் நகர்ந்தன. சில சமயம் ஆட்டக்காரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும் போயின.

கொரியாவைப் பாருங்கள். ஸ்டாலின் ஏவிவிட்டார், வடகொரியா பாய்ந்தது என்பது வழக்கமான வரி. நடந்தது வேறு. தெற்கைப் பிடிக்க அனுமதி கேட்டு ஸ்டாலினைத் துளைத்தெடுத்தவர் வடகொரியத் தலைவர் கிம் இல் சுங். 1949ல் ஸ்டாலின் மறுத்தார். 1950 தொடக்கத்தில் மனம் மாறினார், ஆனால் சீனத் தலைவர் மாவோவும் சம்மதிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். தென்கொரிய அதிபர் சிங்மன் ரீயும் சளைத்தவர் இல்லை. வடக்கே படையெடுக்க அவரும் துடித்தார். அவரிடம் டாங்கிகளைக் கொடுத்தால் வம்பு என்று அமெரிக்காவே பயந்து கொடுக்காமல் வைத்திருந்தது. 1953ல் போர்நிறுத்தம் கையெழுத்தாகப் போகிற நேரத்தில், அதைக் கெடுப்பதற்காகவே சுமார் 27,000 கைதிகளை ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்டார். போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கடைசிவரை அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆம், அது போர்நிறுத்தம் மட்டும்தான். 'கொரியப் போர் 1953ல் சமாதான உடன்படிக்கையுடன் முடிந்தது' என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு உடன்படிக்கை இன்றுவரை இல்லை.

கொரியாவில் ஐ.நா. கொடியின் கீழ் படை போனது எப்படி, சோவியத் யூனியன் ஏன் வீட்டோ போடவில்லை என்று ஒரு கேள்வி அடிக்கடி வரும். சோவியத் பிரதிநிதி அப்போது பாதுகாப்பு அவையிலேயே இல்லை. சீனாவின் இருக்கையை மாவோவின் அரசுக்குத் தராமல் தைவானில் இருந்த அரசிடமே விட்டுவைத்ததைக் கண்டித்து, 1950 ஜனவரியிலிருந்து புறக்கணித்துக்கொண்டிருந்தார். புறக்கணித்ததும் சீனாவுக்காகத்தான், இடத்தைக் காலியாக விட்டதன் பலனை அனுபவித்ததும் சீனாதான். அதே ஆண்டு இறுதிக்குள் சீனப் படையே கொரியாவில் இறங்கிச் சண்டை போட வேண்டியதாயிற்று.

பெயரால் வரும் குழப்பம்

'பனி' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியே வெடிக்காத போர் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் பழைய பத்திரிகைகளிலும் இலங்கைத் தமிழிலும் 'கெடுபிடி யுத்தம்' என்று ஒரு வழக்கு இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும், அந்தப் பதற்றம் அதில் இருக்கிறது. எப்படியோ பனிப்போர் நிலைத்துவிட்டது. கொரியாவில் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். வியட்நாம், அங்கோலா, ஆப்கானிஸ்தான் என்று கணக்கு நீளும். குளிர் ஐரோப்பாவுக்கு, நெருப்பு ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும்.

இதைத் தெரிந்தவர்கள் இன்னொரு வரியில் தடுக்கி விழுவார்கள்: 'இரு வல்லரசுகளின் வீரர்களும் ஒருவரையொருவர் நேரடியாகச் சுட்டுக்கொண்டதே இல்லை.' சுட்டுக்கொண்டார்கள். கொரிய வானில் மிக்-15 விமானங்களை ஓட்டியவர்களில் பலர் சோவியத் விமானிகள். விமானத்தில் சீன, வடகொரிய அடையாளம். ரேடியோவில் ரஷ்ய மொழி பேசக் கூடாது என்று உத்தரவு வேறு. உயிர் போகிற நேரத்தில் யாருக்குத்தான் இரவல் மொழி வாயில் வரும்? அமெரிக்கர்களுக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. வெளியே சொன்னால் உள்ளூரில் பழிவாங்கச் சொல்லி நெருக்குவார்கள் என்று அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கியூபாவில் யார் கண் சிமிட்டியது

சோவியத் யூனியன் கியூபாவில் ஏவுகணைகளை வைத்ததால் வந்த 1962 அக்டோபர் நெருக்கடியை, அமெரிக்க அதிபர் கென்னடி உறுதியாக நின்றார், குருஷ்சேவ் பயந்து பின்வாங்கினார் என்று எழுதுவது அரைகுறைக் கதை. அக்டோபர் 27 இரவு அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்து, துருக்கியில் அமெரிக்கா வைத்திருந்த ஜூபிடர் ஏவுகணைகள் சில மாதங்களில் எடுக்கப்படும், ஆனால் இதை வெளியே சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்தார். 1963 ஏப்ரலுக்குள் அவை போயும்விட்டன. ரகசியம் காத்தது குருஷ்சேவ் தரப்பு, நல்ல பெயர் கென்னடிக்கு. இது கொடுக்கல் வாங்கல். இதை வெற்றி தோல்வியாகவே கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை, விறைத்துக்கொண்டு நின்றால் எதிரி பணிவான் என்ற பாடத்தைப் படித்துக்கொண்டது. அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை வியட்நாமில் தெரிந்தது என்பது என் கருத்து.

இதிலும் அந்த மூன்றாவது ஆள் காணாமல் போகிறார். ஏவுகணைகளை எடுக்கும் முடிவைக் கியூபத் தலைவர் காஸ்ட்ரோவிடம் யாரும் கேட்கவில்லை. செய்தி வழியாகத்தான் அவருக்கே தெரிந்தது. கோபத்தில் ஐ.நா. பார்வையாளர்களைக் கியூபாவுக்குள் விட மறுத்துவிட்டார். துருக்கியையும் யாரும் கேட்கவில்லை. அதே மாதத்தில், அக்டோபர் 20 அன்று, இமயமலையில் இந்திய - சீனப் போர் தொடங்கியதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் தனித்தனிப் பாடத்தில் வருவதால் ஒரே மாதம் என்பதே பலருக்கு உறைப்பதில்லை.

எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பு இல்லை

கம்யூனிஸ்ட் நாடுகள் எல்லாம் மாஸ்கோ சொன்னபடி ஆடின என்பது அன்றைக்கு அமெரிக்க அரசே செய்த தவறு. நாமும் அதைத் திரும்பச் செய்ய வேண்டாம். 1948லேயே யூகோஸ்லாவியாவின் டிட்டோ ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார். 1969ல் உசூரி ஆற்றுத் தீவு ஒன்றுக்காகச் சீனாவும் சோவியத் யூனியனும் துப்பாக்கிச் சண்டையே போட்டன. 1972ல் நிக்சன் பெய்ஜிங்கில் மாவோவின் கையைக் குலுக்கினார். 1979ல் சீனா வியட்நாமுக்குள் படையனுப்பியது.

இந்தப் பிளவு நம் ஊர் வரை வந்தது. 1964ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்ததற்கு உள்நாட்டுக் காரணங்களோடு இதுவும் ஒரு காரணம். இலங்கையில் பெயரே 'மாஸ்கோ பிரிவு', 'பீக்கிங் பிரிவு' என்றுதான் (பீக்கிங் என்பது பெய்ஜிங்கின் பழைய பெயர்). பீக்கிங் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர் தமிழரான நா. சண்முகதாசன். பெயரை மட்டும் பார்த்தால் சீனாவின் கிளைக் கடை மாதிரி தெரியும். ஆனால் 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்காக ஒடுக்கப்பட்ட சாதியினர் நடத்திய போராட்டங்களில் முன்னால் நின்றது அந்தப் பிரிவுதான். மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த அந்தப் போராட்டத்தை மாஸ்கோ - பீக்கிங் தகராறு என்று எழுதினால் எப்படி இருக்கும்?

அணிசேராமையும் அரிசியும்

எந்த வல்லரசின் பக்கமும் சேராத நாடுகளின் அணிசேரா இயக்கம், இந்தோனேசியாவின் பாண்டுங் மாநாட்டில் பிறந்தது என்பது வழிகாட்டி நூல்களிலேயே இருக்கும் பிழை. 1955ல் பாண்டுங்கில் கூடிய 29 நாடுகளில் சீனா, பாகிஸ்தான், துருக்கி, ஜப்பான் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அணியில் இருந்தவை. இலங்கைப் பிரதமர் ஜோன் கொத்தலாவல அங்கே எழுந்து, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் நடத்துவதும் காலனி ஆதிக்கம்தானே என்று கேட்டு நேருவைச் சங்கடப்படுத்தினார். அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு 1961 செப்டம்பரில் யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடில் நடந்தது.

அப்புறம், அணிசேராமை என்றால் ஒதுங்கி நிற்பது இல்லை. சுவிட்சர்லாந்து செய்தது நடுநிலை. இந்தியா செய்தது பேரம். பிலாய் உருக்காலைக்குச் சோவியத் உதவி, ரூர்கேலாவுக்கு மேற்கு ஜெர்மனி, துர்காப்பூருக்கு பிரிட்டன், ரேஷனுக்கு அமெரிக்கக் கோதுமை. 1971ல் பாகிஸ்தான் வழியாக அமெரிக்கா சீனாவோடு உறவாடத் தொடங்கியதும், ஆகஸ்ட் 9 அன்று சோவியத் யூனியனோடு நட்புறவு ஒப்பந்தம்.

எனக்குப் பிடித்த உதாரணம் இலங்கையின் ரப்பர் - அரிசி ஒப்பந்தம். 1952ல் இலங்கையை ஆண்டது கம்யூனிஸ்ட்டுகளை அறவே பிடிக்காத ஐக்கிய தேசியக் கட்சி. கொரியப் போரால் ஏறிய ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது, அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. சீனாவுக்குப் போர்ப்பொருள் விற்கக் கூடாது என்று அமெரிக்கா தடை போட்டிருந்த நேரம். ரப்பரும் அந்தப் பட்டியலில் உண்டு. இலங்கை அதைப் பொருட்படுத்தாமல், ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் கொடுத்து 2,70,000 டன் அரிசி வாங்கச் சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. அமெரிக்க உதவி நின்றது. இதே இலங்கையின் ஐ.நா. விண்ணப்பத்தை 1948ல் சோவியத் யூனியன், நீங்கள் இன்னும் பிரிட்டனின் பிடியில்தான் இருக்கிறீர்கள் என்ற தோரணையில் வீட்டோ போட்டுத் தடுத்திருந்தது. 1955 வரை இலங்கைக்கு உள்ளே இடமில்லை. இந்த நாட்டை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்?

சில்லறைப் பிழைகள்

சோவியத் அணியின் ராணுவக் கூட்டான வார்சா ஒப்பந்தத்துக்குப் பதிலடியாக, மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோ வந்தது என்பது தலைகீழ். நேட்டோ 1949, வார்சா 1955. மேற்கு ஜெர்மனியை நேட்டோவில் சேர்த்ததுதான் வார்சாவுக்கு உடனடிக் காரணம்.

விண்வெளியில் எழுத அமெரிக்கா கோடிக்கணக்கில் செலவழித்துப் பேனா செய்தது, சோவியத்காரன் பென்சிலை எடுத்துக்கொண்டு போனான் என்று வாட்ஸ்அப்பில் வரும் கதையை விட்டுவிடுங்கள். அந்தப் பேனாவைத் தன் சொந்தக் காசில் செய்தது ஃபிஷர் என்ற தனியார் நிறுவனம். அதற்கு முன் அமெரிக்கர்களும் பென்சில்தான். பின்னால் சோவியத்தும் அதே பேனாவை வாங்கியது.

'உங்களைப் புதைப்போம்' என்று 1956ல் மேற்கத்தியத் தூதர்களிடம் குருஷ்சேவ் சொன்னதை அணுகுண்டு மிரட்டலாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலாளித்துவம் தானாகச் சாகும், நாங்கள் இருந்து மண் போடுவோம் என்ற மார்க்சியப் பேச்சு அது. 'உன் சாவுக்கு நான் மண் அள்ளிப் போடுவேன்' என்று சொல்கிற நமக்கு, அது கொலை மிரட்டல் இல்லை என்று புரிவதில் கஷ்டம் இருக்கக் கூடாது.

முடிவு எந்த வருடம்

1989ல் சுவர் விழுந்ததும் சோவியத் யூனியன் விழுந்தது என்று இரண்டையும் ஒட்டிவிடுகிறார்கள். நடுவில் இரண்டு ஆண்டுகள். 1991 மார்ச் வாக்கெடுப்பில், ஆறு குடியரசுகள் புறக்கணித்த நிலையில், வாக்களித்தவர்களில் சுமார் 76 சதவீதம் பேர் யூனியன் நீடிக்க வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் கீவ் நகருக்குப் போய், தற்கொலைத்தனமான தேசியவாதம் வேண்டாம் என்று உக்ரைனியர்களுக்குப் புத்தி சொன்னார். எதிரி உடையக் கூடாது என்று கவலைப்பட்டவர் அமெரிக்க அதிபர். மூன்று வாரத்துக்குள் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்து தோற்றது. டிசம்பரில் உக்ரைனில் தனி நாட்டுக்கு 90 சதவீதத்துக்கும் மேல் வாக்கு. டிசம்பர் 25ல் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் பதவி விலகினார். மாஸ்கோவின் கைக்குள் இருந்ததாக நாம் நினைத்த குடியரசுகளே கணக்கை முடித்தன.

சோவியத்தையும் ரஷ்யாவையும் ஒன்றாக எழுதும் பழக்கம் இங்கேதான் மதிப்பெண்ணைத் தின்னும். ஸ்டாலின் ஜார்ஜியர், பிரெஷ்னேவ் பிறந்தது உக்ரைனில், ரஷ்யா பதினைந்து குடியரசுகளில் ஒன்று. நம் கூடங்குளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தி ஒப்பந்தம் போட்டது சோவியத் யூனியனோடு. 2002ல் கட்டுமானம் தொடங்கியபோது அந்த நாடு இல்லை, உலைகளை அனுப்பியது ரஷ்யா. தேர்வில் 'ஒப்பந்தம் யாருடன்' என்று கேட்டால் ஒரு விடை, 'கட்ட உதவியது யார்' என்று கேட்டால் வேறு விடை. கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டு வட்டத்தைக் கறுப்பாக்குங்கள்.