கைக்குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் தேர்ந்தெடுக்கும் முறை

என் மகள் ஏழாம் மாதத்தில் ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளரோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வலது கையில் பிடித்தாள், இடது கைக்கு மாற்றினாள், விளிம்பை ஈறால் கடித்தாள், அதன் குளிர்ச்சியில் ஒரு கணம் முகம் சுளித்தாள், பிறகு தரையில் தட்டி எழுந்த ஓசையைக் கேட்டுத் திரும்பவும் தட்டினாள். அதே நாளில் உறவினர் ஒருவர் அன்போடு வாங்கி வந்த, பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மை பக்கத்திலேயே கிடந்தது. அந்தப் பொம்மை தானே எல்லாவற்றையும் செய்துவிட்டதால், அவள் செய்வதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

பொம்மை வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த மாதத்தில் குழந்தையின் கண்ணும் கையும் வாயும் எதைப் பழகிக்கொண்டிருக்கின்றன, அந்தப் பழக்கத்துக்கு இந்தப் பொருள் இடம் கொடுக்கிறதா என்று கேட்டுக்கொண்டால், முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஏழெட்டுப் பொருள்களே போதுமானவை என்பதும், அவற்றில் பாதி நம் சமையலறையிலேயே இருக்கின்றன என்பதும் விளங்கும்.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் கிடந்து பால் குடிக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தொலைவும் ஏறக்குறைய அதுவே. ஆகவே முதல் இரண்டு மாதங்களுக்குக் கடையில் வாங்க வேண்டியது எதுவுமில்லை. விரும்பினால் வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் தடித்த கோடுகளும் வட்டங்களும் வரைந்து, அந்தத் தொலைவில் மெதுவாக இடமும் வலமும் நகர்த்திக் காட்டலாம். மங்கலான இளநிறங்களைவிட இந்தக் கறுப்பு வெள்ளையே குழந்தையின் பார்வையை இழுக்கும். தொட்டிலுக்கு மேலே சுழலும் பொம்மையைக் கட்டுபவர்கள், குழந்தை கையை ஊன்றி எழும்பத் தொடங்குவதற்கு முன்பே, அதாவது ஐந்தாம் மாதத்துக்குள், அதைக் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாம் நான்காம் மாதங்களில் கை நீளத் தொடங்கும். கிலுகிலுப்பைக்கு உரிய காலம் இது. கைப்பிடி நம் சுண்டுவிரல் பருமனில் இருந்தால் குழந்தையின் விரல்கள் அதைச் சுற்றி மூடும். எடையும் குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஆட்டத் தெரியாத கை அதை முதலில் தன் நெற்றியிலேயே போட்டுக்கொள்ளும். திருவிழாக் கடைகளில் கிடைக்கும் பனையோலைக் கிலுகிலுப்பை எனக்கு மிகவும் பிடித்தது என்றாலும், எச்சில் பட்டு ஓலை பிரிந்தால் அதன் ஓரம் ஈறைக் கீறும், உள்ளே இருக்கும் கல்லும் வெளியே வரும். அதைப் பெரியவர்கள் கையில் வைத்து ஆட்டிக் காட்டுவதே சரி. குழந்தை கையில் கொடுப்பதற்குக் கர்நாடகத்தின் சென்னபட்டணாவில் செய்யப்படும் மரக் கிலுகிலுப்பை நல்லது. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, நிறமூட்டிய அரக்கை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்வதால், பெயின்ட் அடித்த பொம்மையைப் போல அது எளிதில் செதில் செதிலாக உரிவதில்லை. எந்த மரப் பொம்மையாக இருந்தாலும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தப் பொம்மை வேண்டாம்.

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு எல்லாமே வாய்க்குப் போகும். இதைக் கெட்ட பழக்கம் என்று நினைத்துத் தட்டிவிடுபவர்கள் உண்டு. உண்மையில் குழந்தை பொருளின் வடிவத்தையும் மென்மையையும் வாயால்தான் அறிந்துகொள்கிறது. தடுக்க வேண்டியது வாயை அல்ல, வாய்க்குள் முழுதாகப் போகக்கூடிய சிறிய பொருளை. பொம்மைகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் நிலையங்கள் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உருளையைப் பயன்படுத்துகின்றன. அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது கணக்கு. வீட்டில் இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக, ஓர் அட்டையில் 4 சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமாக ஓட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக நுழையும் எதுவும் குழந்தைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. துணிப் பொம்மையில் ஒட்டியிருக்கும் கண்களையும் பொத்தான்களையும் பலமாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் பொம்மையின் அடியில் ஓசை எழுப்பும் சிறிய விசில் கழன்று வருகிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். பொம்மையோடு கட்டிய கயிறு ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருந்தால் வெட்டிவிடுங்கள், அது கழுத்தில் சுற்றும்.

பேட்டரி பொம்மைகளைப் பற்றி நான் விட்டுக்கொடுத்துப் பேச விரும்பவில்லை. காசு வடிவில் இருக்கும் சிறிய பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்து புண்ணாகிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேட்டரி அறையின் மூடி திருகாணியால் முடுக்கப்படாத பொம்மையை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் அதே அளவுக்கு அஞ்ச வேண்டியவை. முதல் பிறந்தநாள் கொண்டாட்டம் முடிந்ததும் தரையைப் பெருக்கிய பிறகுதான் குழந்தையை இறக்கிவிட வேண்டும்.

எட்டு ஒன்பது மாதங்களில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்கிறது. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்று குழந்தைக்குத் தெரியத் தொடங்குகிறது. கரண்டியின்மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடுங்கள். அதற்கு முன்பு பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்ட அதே குழந்தை, இப்போது துணியை இழுத்துவிட்டுச் சிரிக்கும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், போட்டு எடுக்க ஒரு வாய் அகன்ற டப்பா, பழைய பருத்திச் சேலையைக் கிழித்து இறுக்கிச் சுற்றித் தைத்த துணிப்பந்து ஆகிய மூன்றும் இந்த வயதுக்கு நிறைவானவை. பிள்ளைத்தமிழ் இலக்கணம் கைகொட்டி ஆடும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைத்திருக்கிறது. இரண்டு கையிலும் ஒவ்வொரு பொருளைப் பிடித்து மோதிப் பார்ப்பதும் இந்த மாதங்களில்தான் என்பதால், இரண்டு மரக் கரண்டிகளைக் கொடுத்தால் போதும், வேறு தாளம் வேண்டாம். கிண்ணத்தின் விளிம்பை மட்டும் நீங்களே உதட்டில் உரசிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நிற்கத் தொடங்கிய பிறகு நடைவண்டி. மூன்று சக்கரம் வைத்த அந்த மர வண்டியைக் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. சமதளத்தில், பெரியவர் ஒருவர் கூடவே நடந்தால் அது நல்ல பொருள். நடுவில் உட்காரவைத்து உருளவிடும் வாக்கர் அப்படியல்ல. நடை பழகுவதற்கு அது உதவுவதில்லை, ஆனால் படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் குழந்தையை நொடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. யாராவது பரிசாகக் கொடுக்க வந்தால் முன்கூட்டியே சொல்லித் தடுத்துவிடுங்கள்.

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பொம்மையில் அதைத் தேடிப் பாருங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு என்பதால், திருவிழாவில் வாங்கும் மரப் பொம்மையில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். அங்கே ஈரத் துணியும் ஓட்டை அட்டையுமே நம் சோதனை. அண்ணன் அக்காவிடமிருந்து வரும் பழைய பொம்மைகளையும் அப்படியே சோதியுங்கள், விரிசல் கண்டதையும் பெயின்ட் உரிந்ததையும் ஒதுக்கிவிடுங்கள்.

எந்தப் பொம்மையையும் ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் வைக்கக் கூடாது; பஞ்சு பொம்மை மூக்கையும் வாயையும் மூடிவிடும். விழித்திருக்கும்போது மூன்று பொருள்களை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றைப் பெட்டியில் போட்டு, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். எவர்சில்வரைக் கொதிநீரில் கழுவலாம். மரத்தை ஊறவைக்காமல் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திவிட்டுக் கொடுக்க வேண்டும்.