பழைய ஸ்பீடோமீட்டரைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கும் பலர் எஞ்சினுக்கு மாதக்கணக்கில் பொறுமையாகச் செலவிட்டுவிட்டு, ஸ்பீடோமீட்டரை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். வண்டியில் இருக்கும் பாகங்களிலேயே கைக்கடிகாரத்துக்கு மிக நெருங்கிய பாகம் அதுதான். ஸ்பானரும் சுத்தியலும் பழகிய கை, அதே வேகத்தில் இதற்குள் நுழையும்போது, அறுபது ஆண்டுகள் தாக்குப்பிடித்த கருவி அரை மணி நேரத்தில் பாழாகிவிடுகிறது. 1950களிலும் 60களிலும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் வந்த ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். 1950களின் நடுவில் திருவொற்றியூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த தொடக்ககால புல்லட்டை வைத்திருப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

கையில் இருப்பது எந்த வகை மீட்டர் என்று தெரியாமலேயே திறப்பதுதான் முதல் தவறு. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே இவை இரண்டு வகை. ஒன்று காந்த வகை. பெர்லினில் ஓட்டோ ஷூல்ட்சே 1902இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்தது இது. சக்கரத்தின் சுழற்சியை மீட்டருக்குக் கொண்டுவரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அந்தக் காந்தத்தைத் தொடாமல், மிகச் சிறிய இடைவெளியில் ஓர் அலுமினியக் கிண்ணம் நிற்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் தூண்டப்பட, கிண்ணம் காந்தத்தின் பின்னால் இழுபட முயல்கிறது. தலைமுடி போன்ற மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்துப் பிடிக்கிறது. இழுப்பும் தடுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. மற்றொன்று குரோனோமெட்ரிக் வகை. இதற்குள் ஒரு கடிகாரத்தின் துடிப்புச் சக்கரமே இருக்கிறது. ஒரு நொடிக்கும் குறைவான, மாறாத ஒரு கால அளவுக்குள் கேபிள் எத்தனை முறை சுற்றியது என்பதை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு உரிய இடத்தில் முள்ளை நிறுத்தி, மறுபடியும் எண்ணத் தொடங்கும். ஆகவே இதன் முள் வழுக்கிக்கொண்டு ஏறாது. படிப்படியாகத் தாவித் தாவியே ஏறும், இறங்கும். இதைப் பழுது என்று நினைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மீட்டரைப் பிரித்தவர்கள் உண்டு. பிரித்ததைத் திரும்பச் சேர்க்க முடிந்தவர்கள் மிகக் குறைவு. இந்த வகையின் உள்ளியக்கத்தைக் கடிகாரம் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

மீட்டர் ஓடவில்லை என்றதும் மீட்டரையே குற்றவாளியாக்குவது அடுத்த தவறு. சோதனை சக்கரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். மேல் முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றிப் பாருங்கள். உள்கம்பி சுழலவில்லை என்றால் கோளாறு கேபிளிலோ அதை ஓட்டும் பல்சக்கரப் பெட்டியிலோ இருக்கிறது; மீட்டரைத் தொடவே தேவையில்லை. முள் நடுங்கினாலும் பெரும்பாலும் காரணம் கேபிள்தான். எண்ணெய்ப் பசை வற்றிய கம்பியோ, ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கூர்மையாக மடங்கும் கேபிளோ சீராகச் சுழலாமல், முறுக்கேறித் தேங்கி, பின்பு சட்டென்று விடுபடும். அந்த விட்டுவிட்டுச் சுழலும் இயக்கத்தையே முள் அப்படியே காட்டுகிறது. கேபிளை அகன்ற வளைவுகளில் கொண்டுபோவது ஒன்றே பல நடுக்கங்களைத் தீர்த்துவிடும்.

கேபிளுக்குக் கிரீஸ் பூசுவதிலும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. கம்பி முழுவதும் தாராளமாகப் பூசிவிடுகிறார்கள். முறுக்கிய கம்பி சுழலும்போது, கிணற்றிலிருந்து நீரை மேலே ஏற்றும் திருகைப் போல, கிரீஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி மீட்டருக்குள் தள்ளும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே அந்தப் பசை புகுந்தால் கிண்ணம் காந்தத்தோடு ஒட்டி இழுபடும். வண்டி மெதுவாகப் போகும்போதே முள் கடைசி எண்ணைத் தொட்டு நிற்கும். இலேசான கிரீஸைக் கம்பியின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் மெல்லியதாகப் பூசி, மீட்டரை ஒட்டிய ஏழெட்டு அங்குலத்தை உலர்ந்தபடியே விட வேண்டும். துரு நீக்கும் ஸ்பிரேயை மீட்டரின் அடியிலுள்ள துளை வழியாக அடிப்பது இதைவிடக் கேடானது. அடித்த அன்று முள் அசையும். சில வாரங்களில் அந்த எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசினாக இறுகிவிடும்.

இனி, திறப்பது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையம் சில மீட்டர்களில் மரையோடு திருகப்பட்டிருக்கும். சிலவற்றில் அதன் விளிம்பு உடலின் பின்புறமாக மடித்து அழுத்தப்பட்டிருக்கும். எது என்று பார்க்காமல் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பினால் வளையம் கோணிப்போகும். நெம்பிய கருவி வழுக்கினால் டயலும் போகும். மரை வளையம் பெரும்பாலும் உள்ளே இறுகிப்போன ரப்பரால்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தலைமுடி உலர்த்தியால் மிதமாகச் சூடேற்றி, பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கையால் திருகினால் பொதுவாக வந்துவிடும். வரவில்லை என்றால் மறுநாள் மீண்டும் முயலலாம்; வைஸில் கவ்வுவதும் பைப் ரெஞ்சு போடுவதும் கூடவே கூடாது. மடிப்பு வளையத்தை, முனை மழுங்கிய அகன்ற தகட்டால் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிதளவே நிமிர்த்த வேண்டும். ஒரே இடத்தில் முழுதாக நிமிர்த்தினால் உலோகம் கிழியும்.

திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது எதையும் கழற்றுவதல்ல, படம் எடுத்து எழுதி வைப்பது. காந்த வகை மீட்டரில், சுழிய இடத்தில் இருக்கும் சிறு ஊசியின்மேல் முள் சாய்ந்து நிற்கும்படி சுருள்வில்லுக்கு முன்கூட்டியே ஓர் இழுப்புக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த ஊசியைத் தாண்டி முள்ளை மெதுவாகத் தூக்கி விட்டால், சுழியத்துக்கும் கீழே ஓரிடத்தில் அது தானாக நின்றுவிடும். அதுவே அதன் உண்மையான ஓய்விடம். அதைக் குறித்துக்கொள்ளாமல் முள்ளைப் பிடுங்கியவர், திரும்ப மாட்டும்போது சுழிய ஊசியை ஒட்டியே மாட்டுவார். அதன்பின் எல்லா வேகத்திலும் அளவு தவறாகவே இருக்கும். முள்ளை ஒரு பக்கமாக நெம்பினால் அதைத் தாங்கும் மெல்லிய தண்டு வளையும். டயலின்மேல் தடித்த காகிதத்தை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சமமாக உயர்த்த வேண்டும்.

டயலைத் துடைப்பது பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த எழுத்துகள் மிக மெல்லிய அச்சு. பல ஆண்டு வெயிலில் காய்ந்து, பொடியாக உதிரும் நிலையில் இருக்கும். ஈரத்துணியால் ஒரே ஒரு முறை துடைத்ததில் ‘40’ என்ற எண் முழுவதும் துணியில் ஒட்டிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெட்ரோல், தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் டயலில் படக்கூடாது. மென்மையான தூரிகையும் காற்று ஊதும் ரப்பர் பந்தும் போதும். மங்கலான அசல் டயலைத் தூக்கிப்போட்டுப் புதுப்பிரதியை ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. அது தவிர்க்க முடியாதபோதும் அசலைப் பத்திரப்படுத்த வேண்டும், ஏனெனில் அந்த மீட்டரின் மாடல் எண்ணும் கேபிள் சுற்றுக் கணக்கும் அதில்தான் அச்சாகியிருக்கும். இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு மைல் படிப்படியாகக் கிலோமீட்டருக்கு இடம் கொடுத்தது என்பதால், மைல் டயலுக்குப் பதில் கிலோமீட்டர் டயலை மாட்டிவிடும் வழக்கமும் உண்டு. டயலை மாற்றினால் உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் மாறிவிடுவதில்லை. தொலைவு எண்கள் மைலிலேயே ஓடும். முள்ளும் புதிய எண்களுக்குப் பொருந்தாது.

உயிருக்கே தீங்கு தரக்கூடிய தவறு ஒன்றும் இந்த இடத்தில்தான் நேர்கிறது. இரவில் ஒளிர்வதற்காக அந்தக் காலத்து டயல் எண்களிலும் முள்ளிலும் பூசிய வண்ணத்தில் ரேடியம் இருந்திருக்கலாம். போர்க்காலத்து மீட்டர்களிலும் அதற்கு முந்தியவற்றிலும் இதை எதிர்பார்த்தே அணுக வேண்டும். இப்போது இருட்டில் ஒளிரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று முடிவு செய்வது தவறு. ஒளிவிடும் துத்தநாக சல்பைடுதான் சிதைந்திருக்கிறது. ரேடியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டுகள் என்பதால் அது அப்படியே இருக்கிறது. பழுப்பேறிய, தடிப்பான, உதிர்கிற பூச்சைக் கண்டால் சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ ஊதவோ கூடாது. தூரிகையும் ரப்பர் பந்தும்கூட அத்தகைய டயலுக்கு அல்ல. அந்தத் தூள் மூச்சிலோ உணவிலோ உடலுக்குள் போனால் எலும்பில் தங்கிவிடும். மீட்டரை மூடி, கதிர்வீச்சு அளக்கும் கருவி உள்ள ஒருவரிடம் காட்டிய பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும்.

தொலைவு காட்டும் எண் சக்கரங்களை விரலால் தள்ளித் திருப்புவது அடுத்து வருவது. இவற்றோடு சேர்ந்த சிறு பல்சக்கரங்களும் தாங்கிகளும் சில மீட்டர்களில் துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கும். வார்க்கும்போது ஈயம் போன்ற மாசு சேர்ந்திருந்தால் அந்த உலோகம் காலப்போக்கில் உப்பி, நுண்ணிய விரிசல் விடும். இறுகிய இடத்தில் கொஞ்சம் வலுக்கொடுத்தாலே நொறுங்கும். எண் சக்கரங்களைப் பெட்ரோலில் ஊறப்போட்டால் எண்களே கரைந்துபோகலாம். ஒரு பயணத்தின் தொலைவை மட்டும் காட்டும் ட்ரிப் மீட்டரை வண்டி ஓடும்போது சுழியத்துக்குத் திருப்புவதும் பல்லை உடைக்கும் பழக்கம்.

பழுது நீக்கிய பிறகு அளவு சரியா என்று பார்க்க, மின் ட்ரில்லில் மாட்டிச் சுழற்றுகிறார்கள். முறை நல்லதுதான், ஆனால் கணக்குத் தெரியாமல் செய்யக்கூடாது. டயலில் சிறிய எழுத்தில் 1600 என்று இருந்தால், ஒரு மைலுக்குக் கேபிள் 1600 முறை சுற்ற வேண்டும் என்று பொருள். அறுபது மைல் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு மைல் என்பதால், நிமிடத்துக்கு 1600 சுற்றில் முள் 60இல் நிற்க வேண்டும். 3000 சுற்று வேகமுள்ள ட்ரில்லை முழுதாக அழுத்தினால் அது 112 மைல் வேகத்துக்குச் சமம். 80 வரை மட்டுமே உள்ள டயலில் முள் எங்கே போய் மோதும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுழலும் திசையும் முக்கியம். கேபிளின் முனையை நேருக்கு நேர் பார்க்கும்போது வலஞ்சுழியாகத் தெரிவது, ட்ரில்லின் பின்னாலிருந்து பார்க்கும் நமக்கு இடஞ்சுழியாகத் தெரியும். இதில் குழம்பித் தலைகீழாகச் சுழற்றினால் குரோனோமெட்ரிக் மீட்டரின் உள்ளியக்கம் உடைந்துவிடக்கூடும்.

அளவு தவறாக வந்ததும் சுருள்வில்லை வளைக்கத் தொடங்குவதற்கு முன், தவறு எங்கே இருக்கிறது என்பதைச் சாலையில் கண்டுபிடிக்க வேண்டும். அறிந்த ஒரு தொலைவை ஓட்டிப் பாருங்கள். தொலைவு எண்கள் சரியாக இருந்து வேகம் மட்டும் தவறினால், குறை காந்தத்திலோ சுருள்வில்லிலோ முள் மாட்டிய இடத்திலோ இருக்கிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் தவறினால் மீட்டர் குற்றமற்றது. சக்கரமோ டயரோ கேபிளை ஓட்டும் பல்சக்கரமோ மாற்றப்பட்டிருக்கிறது. 3.25 - 19 அளவு (3.25 அங்குல அகலம், 19 அங்குலச் சக்கரம்) டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால், சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 முறை சுற்றும். மைலுக்கு 1600 என்பது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1000. ஆகவே சக்கரத்தின் ஒரு சுற்றுக்குக் கேபிள் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டே சக்கரத்தின் பத்துச் சுற்றுக்குக் கேபிள் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினால் இருபதுக்கு அருகில் வர வேண்டும். அந்தச் சக்கரத்தையே 18 அங்குலமாக மாற்றியிருந்தால், மீட்டர் நூற்றுக்கு நான்கு அளவில் கூடுதலாகக் காட்டும்.

மூடும்போது, நீர் புகாமல் இருக்கட்டும் என்று வினிகர் வாசம் வீசும் சிலிக்கானைப் பூசுவது பின்னாளில்தான் தெரியும் தவறு. அது இறுகும்போது வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி, மூடிய மீட்டருக்குள் பித்தளையையும் இரும்பையும் அரிக்கும். விரைவில் ஒட்டும் பசையின் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். புதிய ரப்பர் வளையம் ஒன்றே போதும்.

எண்களைச் சுழியமாக்கிவிட்டு வண்டியைக் கொடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. திறக்கும் முன் இருந்த தொலைவையும் திறந்த தேதியையும் தாளில் எழுதி, படத்தோடு வண்டியின் ஆவணங்களில் சேர்த்துவைத்து, எண்களை இருந்த இடத்திலேயே விட்டு மூட வேண்டும். எண் சக்கரங்களை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றிய எண்ணையும் அதே தாளில் எழுதி, வண்டியை அடுத்து வாங்குபவரிடம் அந்தத் தாளையும் கொடுக்க வேண்டும்.