புயல் கலைத்த கடற்கரையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்புத் தீவுகளையும் (கரைக்கு முன்னால், அதற்கு இணையாக நீண்டு கிடக்கும் மணல் தீவுகள்) மணல்திட்டுக் கரைகளையும் அளக்கப் புதிதாக வருபவர்களின் குறிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் கண்ணில் படுகின்றன. ஓத நேரம் பார்க்காமல் கிளம்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரே நாளில் திருந்திவிடும்.

நீர் விளிம்போடு அளவை நிறுத்துவது

இதை மட்டும் இன்னும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புயலின் செங்குத்தான அலைகள் கரை முகப்பையும் மணல்மேட்டின் அடியையும் அரிக்கின்றன. அடியோட்டம் அந்த மணலைக் கடலுக்குள் இழுத்துப்போய் நீருக்கடியில் திட்டாகப் போடுகிறது. அடுத்து வரும் அலைகள் அந்தத் திட்டின் மேலேயே உடைவதால் கரைக்கு அடி குறைகிறது. கடல் அடங்கியபின் வரும் தாழ்வான, நீண்ட அலைகள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மணலை மெல்லத் திருப்பித் தள்ளுகின்றன. நீர்மட்டம் மேட்டைத் தாண்டியிருந்தால் இன்னொரு பங்கு பின்பக்கக் காயலோரம் விசிறிபோலப் பரவிக் கிடக்கும்.

காய்ந்த மணலை மட்டும் அளந்தால் இந்த இரண்டு பங்குமே கணக்கில் வராது. அப்படி எடுத்த ஒரே அளவை நம்பி, "மணல் போய்விட்டது" என்று அறிக்கை எழுதிச் சுவர் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அப்போது திட்டு கரையை நோக்கி நகர ஆரம்பித்திருந்தது. சுவரில் மோதித் திரும்பிய அலைகள் அதன் அடி மணலைத் தோண்டின. பின்னாலிருந்த மேட்டு மணலும் கரைக்குக் கிடைக்காமல் போனது.

காயல் ஓரத்தில் தொடங்கி, கடலடி பெரிதாக மாறாத ஆழம் வரை அளந்துகொண்டே போங்கள். புயலுக்கு முன், முடிந்த உடனே, அப்புறம் சில மாதம் கழித்து அளவெடுங்கள். அகலம் போதாது, கன அளவைக் கணக்கிடுங்கள். சரி, எல்லா மணலும் திரும்பிவிடுமா என்றால், இல்லை. அந்த ஆழத்தையும் தாண்டிப் போனதோ முகத்துவாரம் இழுத்துக்கொண்டதோ திரும்புவது அரிது. அதைப் பிரித்துச் சொல்லத்தான் மூன்றாவது அளவு.

ஒரே ஒரு அளவைக் கோட்டில் எடுத்த அளவை வைத்துத் தீவையே எடைபோடுவது

கூடாது.

காற்றின் வேகத்தை மட்டும் பார்ப்பது

மணல்மேட்டின் உச்சியோடு ஒப்பிட வேண்டியது ஓதம், புயல் எழுச்சி (புயல் தள்ளி உயர்த்தும் கடல்மட்டம்), அலையேற்றம் (அலை கரைமேல் ஏறும் உயரம்) மூன்றும் சேர்ந்த நீர்மட்டத்தை. பல ஓதங்களுக்கு நின்று அடிக்கும் மெதுவான புயல் அதிகம் அரிக்கும்.

பின்பக்க மணலைக் குப்பையாக நினைப்பது

தீவின் முதுகை உயர்த்துவதே அந்த மணல்தான். கடல்மட்டம் உயரும்போது தீவு உள்நோக்கி நகர்ந்து பிழைப்பதும் அதனால்தான். சாலையைச் சுத்தம் செய்கிறோம் என்று லாரியில் ஏற்றித் தீவைவிட்டு வெளியே அனுப்பாதீர்கள்.

உடைப்பைப் பார்த்ததும் முடிவெடுப்பது

2012-ல் சாண்டி புயல் நியூயார்க்கின் ஃபயர் தீவை, கடல்நீர் காயலுக்குள் பாயும்படி உடைத்தது. மனிதத் தலையீடின்றி இயற்கையாக விடப்பட்ட பாதுகாப்புப் பகுதியில் விழுந்த உடைப்பை அடைக்காமல் கண்காணித்தார்கள். ஏறத்தாழ பத்தாண்டில் அது தானே மூடிக்கொண்டது. மேரிலாந்தின் ஓஷன் சிட்டியில் 1933 புயல் திறந்த முகத்துவாரம் மூடாதபடி அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். அதனால் தெற்கே அசடீக் தீவின் வடமுனைக்கு மணல் வரத்து குறைந்து, அது நூற்றுக்கணக்கான மீட்டர் உள்நோக்கி நகர்ந்துவிட்டது. இப்போது முகத்துவாரப் பகுதியில் தூர்வாரிய மணலைக் கொண்டுபோய் அந்தத் தீவின் கரையோரக் கடலில் கொட்டுகிறார்கள்.